பீரோ சைஸ் ஸ்பீக்கர்

“அந்த ரெண்டு பீரோவும் புது வீட்டுக்கு வரக்கூடாதுங்க. யாருக்காவது தள்ளி விட்டுடுங்க” என்றாள் மனைவி.

பீரோ என்று அவள் சொன்னது கணவருடைய ஸ்பீக்கர்களை. இடுப்பு உயரம். ஒவ்வொன்றையும் தூக்க ரெண்டு ஆள் வேண்டும்.

லிஃப்ட் மெக்கானிக்கான அவருக்கு முகம் தொங்கிப் போனது. அவள் சொன்னதில் தப்பே இல்லை. மகள் காலேஜில் சேர்ந்தாயிற்று. ஃபீஸ் கட்ட வேண்டுமென்றால் வாடகையைக் குறைத்தே ஆகவேண்டும். பார்த்து வைத்திருக்கிற வீட்டில் ஒரு அறை, ஒரு கூடம். கூடத்தின் ஓரத்திலேயே அடுப்பு மேடை. அங்கே இந்தப் பெட்டிகளை நிறுத்தினால் மனுஷர்கள் மாடிப்படியில்தான் உட்கார வேண்டும்.

இருந்தாலும் சொன்ன விதம் இருக்கிறதே. ஒரு ‘பாவம்’ கிடையாது, ஒரு ‘என்ன செய்யறது’ கிடையாது.

மறுநாள் லிஃப்ட் கூண்டின் மேல் ஏறி நின்று வேலை பார்க்கும்போது கூட்டாளியிடம் புலம்பித் தீர்த்தார்.

“அவளுக்குக் காதே கிடையாதுப்பா. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், பக்கத்துல வந்து உக்காந்து ஒரு பாட்டுக் கேட்டதில்ல.”

“குடுத்து வச்சவர்ணே நீங்க. எங்க வீட்ல காது மட்டும்தான் இருக்கு. நாலாவது மாடில யாரு சண்டை போட்டாலும் எங்க வீட்டம்மாவுக்குக் கேட்டுடும்.”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் டேப் வைத்து அளந்து நாற்காலியைப் போடுவார். மிக்ஸி சத்தம், குழாய்ச் சத்தம் எதுவும் பாட்டுக்குள் நுழையக் கூடாது. எழுந்துபோய் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வருவார். அப்புறம்தான் ரெக்கார்டின் மேல் முள் இறங்கும். கண்ணை மூடினால் டிரம்ஸ் தரையிலிருந்து கிளம்பி முழங்கால் வழியாக நெஞ்சுக்கு ஏறும். அது ஒரு சுகம்.

பாட்டு முடிந்து கண்ணைத் திறந்தால் கூடத்தில் அவர் மட்டும்தான் இருப்பார். அவள் எட்டிக்கூடப் பார்க்கமாட்டாள். இதைப் பலரிடம் சொல்லி ஆதங்கப்பட்டிருக்கிறார்.

ஸ்பீக்கரையும் பெரிய ஆம்ப்ளிஃபயரையும் பார்க்க வந்தவன் உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவன். பெட்டியைச் சுண்டிப் பார்த்தான்.

“இதுல பாட்டுப் போட்டா குதிக்கலாமாண்ணே?”

“குதிக்கிற பாட்டு இல்ல தம்பி. உக்காந்து கேக்குற பாட்டு.”

“எங்களுக்குக் குதிக்கணும்ணே.”

அவர் மனசில் வைத்திருந்த விலையில் பாதியைச் சொன்னான். அவர் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து மனைவி வந்து, சரி, இன்றைக்கே எடுத்துக்கொண்டு போய்விடச் சொல்லிவிட்டாள்.

பெட்டிகள் இறங்கிப் போன பிறகு தரையில் ரெண்டு சதுரம் மட்டும் பளிச்சென்று இருந்தது. அவள் ஈரத்துணியோடு வந்து அதையும் துடைக்க ஆரம்பித்தாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கையில் வந்த பணத்தில் பாதி வீட்டு அட்வான்ஸுக்குப் போனது. மிச்சத்தில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போய், செங்கல் அளவில் ரெண்டு பழைய ஸ்பீக்கரும், டிபன் பாக்ஸ் மாதிரி ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயரும் வாங்கினார். ரெக்கார்ட் பிளேயரை மட்டும் விற்கவில்லை. அதையாவது விட்டுவைத்தாளே.

“இதுல வீடு அதிராது சார். ஆனா பாடும்” என்றார் கடைக்காரர்.

புது வீட்டில் முதல் ஞாயிறு. பிளக் இருந்த இடம் அடுப்பு மேடைக்குப் பக்கத்தில்தான். சர்க்கரை டப்பாவை இந்தப் பக்கமும் டீத்தூள் டப்பாவை அந்தப் பக்கமும் தள்ளி, அலமாரியில் ஸ்பீக்கர்களைச் செருகினார். நாற்காலி போட இடமில்லை. நின்றுகொண்டே, வாரம் தவறாமல் போடுகிற பாட்டைப் போட்டார்.

டிரம்ஸ் எங்கே என்று தேடவேண்டியிருந்தது. முழங்காலுக்கு ஒன்றுமே வரவில்லை. குரல் மட்டும் தனியாக, மெலிசாக வந்தது. பல் கட்டாத கிழவர் பேசுகிற மாதிரி இருக்கிறது என்று நினைத்தார். இதற்கா அதை விற்றோம் என்று நொந்துகொண்டார்.

ரெண்டடி தள்ளி மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கடைசிச் சரணம் வந்தபோது கத்திச் சத்தம் நின்றது.

வந்துவிட்டது வினை, இனி இந்தச் செங்கல்லுக்கும் இந்த வீட்டில் இடமில்லை என்று எண்ணிக்கொண்டே சத்தத்தைக் குறைக்கக் கையை நீட்டினார்.

“குறைக்காதீங்க.”

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றாள். தலையைச் சாய்த்து அலமாரியையே பார்த்தாள்.

“இந்தப் பாட்டு முழுசா எனக்கு மனப்பாடங்க. சாத்தின கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டுக் கேட்டே வந்துடுச்சு” என்றாள். அவர் நீட்டிய கை அப்படியே நின்றது.

அவள் இன்னும் கொஞ்சம் குனிந்து, காதைக் கிட்டே கொண்டுபோனாள்.

“ஏங்க, இதுல கூடவே ஒரு பொம்பளையும் பாடுறாங்களா? இத்தனை வருஷமா அந்த ஆள் தனியாத்தான் பாடிட்டிருக்கார்னு நெனச்சேன்.”