மூச்சு வாங்காத வேகம்

ஜன்னல் வழியே வரும் காலை வெயில் ட்ரெட்மில்லின் கைப்பிடியில் பளபளக்கிறது. அக்கா ஒரு நிமிடம் தலைதெறிக்க ஓடுகிறாள், பிறகு மெல்ல நடக்கிறாள், மறுபடி ஓடுகிறாள். தம்பிக்குச் சிறுநீரகம் கொடுக்க வேண்டுமென்றால் முதலில் எடையைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "இப்படி விட்டு விட்டு ஓடினா நேரம் மிச்சம்க்கா. ஒரே சீரா நடந்தா தினமும் ரொம்ப நேரம் நடக்கணும்," என்கிறான் பயிற்சியாளன். அவள் வாய் பிளந்து மூச்சு வாங்குகிறாள். ஷூ தொம்தொம்மென்று விழுகிறது. சுவரோர நாற்காலியில் முகக்கவசத்தோடு அவளையே பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி, வீங்கிய பாதங்களைச் செருப்பில் நுழைத்து எழுகிறான். "எங்கடா கிளம்பிட்ட?" "ஆஸ்பத்திரிக்கு. உன் கிட்னி வேணாம்னு சொல்லிட்டு வரேன். நீ இப்படிச் சாகுறதுக்குப் பதிலா நானே செத்துடறேன்." "உட்காருடா எருமை." அவன் உட்காரவில்லை, கதவுப்பிடியில் கை வைத்து நிற்கிறான். சொன்னால் செய்துவிடுவான், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவள் வேகத்தைக் குறைக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கிறாள். மோட்டாரின் இரைச்சல் முனகலாகக் குறைகிறது. ஓட்டம் நடையாகிறது, மூச்சு அடங்குகிறது. "நேத்து உன் பொண்டாட்டி எதுக்குத் திட்டினா?" என்று நடந்தபடியே கேட்கிறாள். "எதுக்குத்தான் திட்டல?" அவன் திரும்பி வந்து நாற்காலியை இயந்திரத்துக்கு அருகில் இழுத்துப் போட்டு உட்காருகிறான். "இந்த வேகத்துல போனா ஒரு மணி நேரம் ஆகும்க்கா," என்கிறான் பயிற்சியாளன். "ஆகட்டும்," என்கிறாள் அவள். "இவன் பொண்டாட்டி கதைக்கு அதுவே பத்தாது."