இன்னும் சூடா இருக்கு

வடமதுரை ரோட்டில் பகலெல்லாம் கேபிள் குழி தோண்டிவிட்டு வந்த கண்ணுசாமி, குளிக்காமல்கூட வீட்டுக்குப் பின்னால் இன்னொரு குழி தோண்டுகிறான். வெயில் இறங்கியும் செம்மண் இளகவில்லை. கடப்பாரை விழும்போதெல்லாம் ணங்கென்ற அதிர்வு தோள்பட்டையில் ஏறுகிறது. பக்கத்தில் மகள் ஹரிணி, மடியில் செருப்புப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறாள். அவள் வளர்த்த கினிப்பன்றிகள் இரண்டும் உள்ளே ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. மத்தியானம் கரண்டு இல்லாத நேரத்தில், தகரக்கூரைக்குக் கீழே வெக்கை தாங்காமல் செத்துவிட்டன. ஒன்றின் வாயோரத்தில் கொத்தமல்லித்தழை ஒட்டியிருக்கிறது. “எலிக்கு எம்புட்டு ஆழம் வேணும்? மூடிட்டு வந்து சோத்தைத் தின்னுங்க,” என்று அடுப்படியிலிருந்து நாகஜோதி கத்துகிறாள். “எலின்னு சொல்லாதம்மா!” என்று ஹரிணி பதிலுக்குக் கத்துகிறாள். கண்ணுசாமி பெட்டிக்குக் கை நீட்டுகிறான். ஹரிணி பெட்டியைக் கொடுக்கவில்லை. “இன்னும் சூடா இருக்குப்பா. தொட்டுப் பாரு. சூடு இருந்தா உசுரு இருக்கும்ல?” காய்த்துப்போன உள்ளங்கைக்கு ஒன்றும் தெரியாது, புறங்கையை வைத்துப் பார்க்கிறான். சூடாகத்தான் இருக்கிறது. கடப்பாரையும் சூடாகத்தான் இருக்கிறது, தோண்டிப் போட்ட மண்ணும் அப்படித்தான். அதை விளக்கிச் சொல்லத் தெம்பில்லாமல் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்காருகிறான். “சரி ஆத்தா, செத்த நேரம் பாப்போம்.” ஹரிணி முகம் தெளிந்து, பெட்டி மூடியை எடுத்து அவற்றுக்கு விசிற ஆரம்பிக்கிறாள்.