கசியாத கூலன்ட்

பெண் பார்க்க வந்தவர்களின் பேசும் மின்சாரக் கார் இரண்டு மணி நேரமாக வாசலில் நின்றது. “கூலன்ட் கசியுது, இப்பக் கிளம்ப முடியாதுங்க,” என்றே சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில், அவர்கள் பார்க்க வந்த பெண், கார் மெக்கானிக்கான இளவேனிலே பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள். மாப்பிள்ளையாக வந்த அமுதன் டார்ச் பிடித்தான். சம்மதமா இல்லையா என்று இன்றைக்கே அவள் சொல்லியாக வேண்டும். உள்ளே பெரியவர்களே பேசித் தீர்த்ததில் அவன் குரலைக்கூட அவள் கேட்கவில்லை.

காருக்கடியில் தரை உலர்ந்திருந்தது. பேட்டரியைக் குளிர்விக்கும் கூலன்ட் குறிவரை நிறைந்திருந்தது. கூலன்ட் குழாயில் காற்றழுத்தம் ஏற்றிப் பார்த்தாள்; அழுத்தமானியின் முள் இறங்கவில்லை.

“எங்கயும் கசியலைங்க. எத்தனையோ வண்டி பாத்துட்டேன், பொய் சொல்ற வண்டிய இப்பத்தான் பாக்கறேன்.”

அமுதன் வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேனுங்க. உங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசாமக் கிளம்ப மனசு வரலை.”