ஊமை மருந்து

வடிகுழாயில் வழுவழுப்பு படியக்கூடாதென்று வீட்டுக்கு வீடு ஊமை மருந்து ஊற்றத் தொடங்கியதிலிருந்து, அடுக்ககத்தின் கழிவுநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் சகாயராஜுக்கு உயிர் போனது. அந்த மருந்து பட்டால் கிருமிகள் ஒன்றுக்கொன்று விடும் ரசாயனச் சேதி அறுந்துவிடும். அவை கூட்டம் சேராது, எங்கும் ஒட்டாது. ஆனால் தொட்டியில் மிதக்கும் குட்டி பிளாஸ்டிக் சக்கரங்களில் படியும் அந்த வழுவழுப்புதான் கழிவுநீரையே சுத்தம் செய்கிறது. அது உதிர்ந்ததும், சுத்தமாகி வீட்டுக் கழிவறைகளுக்கே திரும்பிப் போகவேண்டிய ஃபிளஷ் தண்ணீர் நானூறு வீட்டிலும் நாறியது. ஏச்சு மட்டும் அவனுக்கு.

தலைப்பாடாய் அடித்துக்கொண்டு மருந்தை நிறுத்தவைத்தான். பக்கத்து அடுக்ககத்தில் கெஞ்சி, வழுவழுப்பு படிந்த சக்கரங்களை வாளி வாளியாக வாங்கிவந்து தொட்டியில் போட்டான். பதினெட்டு நாளில் நாற்றம் அடங்கியது.

பத்தொன்பதாம் நாள் காலை, சங்கச் செயலாளர் தாட்சாயணி சிரித்த முகமாக வந்தார்.

"தம்பி, இன்னிக்கு அதிகாரிங்க தொட்டியப் பாக்க வர்றாங்கல்ல? சக்கரமெல்லாம் கொழகொழன்னு அசிங்கமா கெடந்துச்சு. நானே ஆள் வெச்சு மருந்து ஊத்திக் கழுவிட்டேன்."

சகாயராஜ் எட்டிப் பார்த்தான். சக்கரங்கள் புதுசாகப் பளபளத்தன.

தொட்டிச் சாவியை அவர் கையில் வைத்தான்.

"அதிகாரிங்கள உங்க வீட்டு பாத்ரூமுக்கே கூட்டிட்டுப் போயிடுங்க மேடம். எல்லாம் அங்கதான் வரும்."