நாலாவது கை

"உங்க தளத்தைக் கொண்டுபோய் மரீட்சா ஆத்துல போடுங்கப்பா" என்று போனில் கத்தினார் ரூசி மாமா. "எங்க டிமோவைப் பாதி ஆட்டத்துல வெளிய தள்ளிடுது. தினம் இதே கூத்து."

பல்கேரியாவின் பிளோவ்டிவ் நகரில் நானும் நண்பன் காலினும் பெலோட் சீட்டாட்டத்துக்கு ஒரு இணையதளம் நடத்திய காலம் அது. நல்ல காலம். ஆட வருகிற எல்லோரையும் பெயர் சொல்லித் தெரியும், அவர்கள் வாயும் தெரியும்.

ரூசி மாமா கோஷ்டி நாலு பேர். ஒரே ஆலையில் வேலை பார்த்துவிட்டு, ஓய்வுக்குப் பின் ஆளுக்கொரு ஊராகப் போனவர்கள். பெலோட்டுக்கு நாலு கை வேண்டும். ஒரு கை குறைந்தாலும் மேசை கலைந்துவிடும்.

"பிரவுசர்ல குக்கீயை அழிச்சுட்டு மறுபடி உள்ள போகச் சொல்லுங்க மாமா" என்றேன். எல்லோருக்கும் நாங்கள் கொடுக்கும் முதல் மருந்து அதுதான்.

அது பலிக்கவில்லை. காலின் உட்கார்ந்து தளத்தின் பதிவுகளைத் துழாவினான்.

"குக்கீ சரியாத்தான் இருக்குடா. டிமோ மாமாதான் ஒரு சீட்டு போட அவ்வளவு நேரம் யோசிக்கிறாரு. ஆள் எழுந்து போயிட்டார்னு நினைச்சுத் தளம் வெளிய தள்ளுது."

"அவரா? பட்டு பட்டுன்னு போடுற ஆளாச்சே. கூடவே எல்லாரையும் நக்கல் அடிச்சு எழுதுவாரே."

"இப்போ ஒரு வார்த்தை எழுதறதில்ல. வேற யாரோ அவர் பேர்ல ஆடறாங்க. கணக்கை மூடிடலாம்."

அடுத்தவர் பெயரில் ஆடினால் கணக்கை மூட வேண்டும் என்று விதி எழுதியவனே நான்தான். இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று டிமோ மாமா வீட்டுக்குப் போன் போட்டேன். அவர் மனைவி ஸ்லாட்கா எடுத்தார். முதலில் மழுப்பினார். பிறகு குரல் உடைந்துவிட்டது.

"நான்தாம்பா ஆடறேன். அவருக்கு எல்லாம் மறந்து போச்சு. எது துருப்புன்னு கூடத் தெரியல. ஆனா பக்கத்துல உக்காந்து, மேசையில தன் பேரைப் பார்த்தா சிரிக்கிறாரு. ரூசிக்குத் தெரிஞ்சா மேசையைக் கலைச்சுடுவாரு. சொல்லிடாதப்பா."

சரி என்றேன்; கணக்கையும் மூடவில்லை. என் விதியாவது மண்ணாவது.

மறுநாள் ரூசி மாமா மறுபடி போனில் பிடித்துக்கொண்டார். பொய்யோடு தயாராக இருந்தேன்.

"கோளாறு எங்க பக்கம்தான் மாமா. டிமோ மாமா நல்லாத்தான் ஆடறாரு."

"நல்லாவா? ஜோடி சேர்ந்த பாவத்துக்கு என்னைத் தினம் தோக்க வைக்குது நம்ம ஸ்லாட்கா."

"மாமா... உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் நாளே மூணு பேருக்கும் தெரியும். அவகிட்ட மூச்சு விட்டுடாதே. அவ எவ்வளவு நேரம் வேணா யோசிக்கட்டும், நாங்க காத்துக்கிட்டிருக்கோம். காத்திருக்கத் தெரியாதது உன் தளம் ஒண்ணுதான்."