மூன்றாவது படி

"மூவாயிரம்னா கட்டிக் குடுங்க, இல்லீன்னா விட்ருங்க" என்று ராசாத்தாள் எழுந்துகொண்டார்.

பட்டுச்சேலைக்கு மூவாயிரத்து ஐந்நூறு சொல்லியிருந்த ஜவுளிக்கடை லட்சுமணசாமி பதறவில்லை.

வாசலில் படி இருக்கிறதே.

ஒப்பணக்கார வீதியில் வியாபாரம் கடைக்குள் முடிவதில்லை. முதல் படியில் வந்தவர் பெருமூச்சு விடுவார். இரண்டாவதில் நின்று செருப்பைத் தேடுவார். மூன்றாவதில் கடைக்காரர் கூப்பிடுவார். யாருக்கும் மானம் போகாமல் நூறு ரூபாய் குறையும்.

ரோட்டில் கால் வைத்தபின் கூப்பிட்டால் கேட்ட விலைக்கே கொடுத்தாக வேண்டும். கூப்பிடாவிட்டாலோ எதிர்க்கடை கந்தப்பன் கூப்பிட்டுவிடுவார். ராசாத்தாள் மகள் கல்யாணத்துக்கு எடுக்கும் நாற்பது சேலையும் அங்கே போய்விடும்.

லட்சுமணசாமியின் தாத்தா கடை வைத்தபோது படி ஐந்து. தேர்தலுக்குத் தேர்தல் பழைய தார்மேல் புதுத் தார் போட்டதில் வீதி முன்னேறியதோ இல்லையோ, உயர்ந்தது. இந்தத் தொண்ணூற்றாறில் மிச்சம் மூன்று.

ராசாத்தாள் வாசலைத் தாண்டினார். லட்சுமணசாமி கல்லாவில் சாய்ந்தபடி மனதுக்குள் எண்ணினார். ஒன்று.

இரண்டு என்பதற்குள் அம்மணி ரோட்டில் நின்றிருந்தார்.

நேற்று ஞாயிறு, கடைக்கு லீவு. நேற்றுப் போட்ட தாரில் இரண்டு படி உள்ளே போயிருந்தது. காலையில் கடைக்கு ஏறும்போது, முட்டிவலி குறைந்துவிட்டதென்று கோனியம்மனுக்கு நன்றி வேறு சொல்லியிருந்தார் லட்சுமணசாமி.

எதிரே கந்தப்பன் எழுந்துவிட்டார்.

"ஏனுங்க அம்மணீ!" லட்சுமணசாமி வெறுங்காலோடு ரோட்டுக்கு ஓடினார். புதுத் தார் சுட்டது. "மூவாயிரத்துக்கே எடுத்துக்குங்க!"

அடுத்தடுத்த சேலைகளுக்கு ராசாத்தாள் நடக்கவேண்டியிருக்கவில்லை. எழுந்திருக்கிற மாதிரி முந்தானையை உதறினாலே போதுமாக இருந்தது.

நாற்பதாவது சேலையைக் கட்டும்போது லட்சுமணசாமிக்குத் தாளவில்லை. "இந்த ரோட்டப் போட்ட காண்ட்ராக்டர் மட்டும் என்ற கையில கெடைக்கட்டுமுங்க..."

"எங்க ஊட்டுக்காரருதானுங்க" என்றார் ராசாத்தாள், பையை வாங்கிக்கொண்டே.

வாசலில் நின்று, மிச்சமிருந்த ஒற்றைப் படியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சின்னவளுக்குத் தையில கண்ணாலமுங்க. அதுக்குள்ள அவருகிட்டச் சொல்லிப்போடறேன்."