ஒரு சவாரி நேரம்

கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிவந்த கிழட்டுக் குதிரையை, நெற்றியிலிருந்த வெள்ளைச் சுட்டியை வைத்தே மாசிலாமணி அடையாளம் கண்டுகொண்டார்.

"கோதை, இவதான் மூன்லைட்" என்றார் மனைவியிடம், கூச்சத்தோடு.

கிண்டி ரேஸில் அவரை ஒருமுறை தூக்கிவிட்டதும், பிறகு கோதையின் வளையல்வரை பிடுங்கிக்கொண்டதும் இந்தக் குதிரைதான். திட்டப்போகிறாள் என்று நினைத்தார். கோதையோ அதன் விலாவைத் தடவினாள்.

"இவ ஜெயிச்ச அன்னிக்குத்தானே டாக்ஸி வச்சு மெட்ராஸ் பூரா சுத்திக் காட்டினீங்க? பாட்டு வேற பாடினீங்க."

அவரும் அதன் கழுத்தில் கை வைத்தார்.

கோதை குதிரைக்காரனிடம் கேட்டாள். "ஒரு சவாரிக்கு எவ்ளோப்பா?"

"பெரியவங்கள ஏத்த மாட்டேம்மா."

"நாங்க ஏறல. காசு தந்துடறோம், அந்த ஒரு சவாரி நேரம் இவ சும்மா நிக்கட்டும்."

மூன்லைட் கடலைப் பார்த்து நின்றது. இருவரும் அதன் இரண்டு பக்கமும் நின்றுகொண்டார்கள்.